பழைய பதிவேட்டில் ஒரு பெயர்: வாசகர் கேள்வி-பதில்

பிரிட்டிஷ் குடும்ப வரலாறு தேடுவது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. லண்டன் பக்கம் ஒரு வட்டார ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தேடுகிறவர்களின் முகம் எனக்கு நன்றாகப் பழக்கம். பெயர் கிடைத்ததும் அந்த முகம் மலர்கிறதே, அதற்காகவே இந்த வேலையை இன்னும் விடவில்லை.

என் கணவர் இங்கிலாந்துக்காரர். மகள் குடும்ப மரம் வரைய ஆசைப்படுகிறாள். என் பக்கம் அப்பாவே ஐந்து தலைமுறை சொல்லிவிட்டார். கணவர் பக்கம், மாமியாருக்குத் தன் பாட்டிக்கு மேலே எதுவும் தெரியவில்லை. அந்தப் பாட்டி ஈஸ்ட் ஹாமில் பிறந்தவர், பிறந்த வீட்டுப் பெயர் ஸ்மித், இவ்வளவுதான். எங்கே தொடங்குவது?
– ஹாரோ வாசகி

மாமியாரிடமே தொடங்குங்கள். "உங்கள் கொள்ளுத்தாத்தா பெயர் என்ன?" என்று கேட்டால் "தெரியாதும்மா" என்றுதான் பதில் வரும். பாட்டி வீட்டுச் சமையலறை எப்படி இருந்தது, கிறிஸ்துமஸுக்கு யார் யார் வருவார்கள், எந்த மாமா போருக்குப் போனார் என்று கேட்டுப் பாருங்கள். பெயர்கள் தானாக விழும். பேச்சைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அப்புறம், பரண்மேல் உள்ள பெட்டியை இறக்கச் சொல்லுங்கள். புகைப்படத்தின் பின்பக்க எழுத்து, இறுதிச் சடங்கு அட்டை, குடும்ப பைபிளின் முதல் பக்கம், போர்க்கால அடையாள அட்டை எல்லாமே உதவும். இந்த வேலை முடியாமல் இணையத்தில் பணம் கட்டாதீர்கள்.

அடுத்தது சான்றிதழ். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுப் பதிவு 1837 ஜூலை 1ஆம் தேதி தொடங்கியது. பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர், தொழிலோடு அம்மாவின் கன்னிப் பெயரும் இருக்கும். அதை வைத்து அவர்களுடைய திருமணப் பதிவைத் தேடலாம். திருமணப் பதிவில் மாப்பிள்ளை, பெண் இருவருடைய அப்பாக்களின் பெயரும் தொழிலும் இருக்கும். அதைக் கொண்டு அவர்களுடைய பிறப்புக்குப் போகலாம். இப்படியே பிறப்பு, திருமணம், மறுபடி பிறப்பு என்று ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும். ஒரு படியைக்கூடத் தாண்டக் கூடாது.

திருமணப் பதிவில் அம்மாக்களின் பெயர் எங்கே என்று மகள் கேட்பாள். 2021 மே 4ஆம் தேதிதான் அதற்கு இடம் கொடுத்தார்கள். ஏறக்குறைய 184 வருடம், பெற்று வளர்த்தவளுக்கு அந்தத் தாளில் ஒரு கட்டம்கூட இல்லை. எத்தனையோ குடும்பங்களில் பெண் வழி அறுந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

இனி, உங்கள் ஈஸ்ட் ஹாம் பாட்டி. பதிவு அட்டவணையில் "ஈஸ்ட் ஹாம்" என்று தேடினால் கிடைக்க மாட்டார். 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அந்த ஊர்ப் பிறப்புகள் வெஸ்ட் ஹாம் பதிவு மாவட்டத்தில்தான் சேரும். ஊர் அப்போது எஸெக்ஸ் கவுண்டியில் இருந்தது, 1965இல்தான் பெருநகர லண்டனுக்குள் வந்தது. எஸெக்ஸ், சஃபோக் இரண்டுக்கும் தொகுதி எண் 4ஏ. "வெஸ்ட் ஹாம், 4ஏ" என்று பார்த்தால் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

அட்டவணை மாத வாரியாக இருக்காது. மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று காலாண்டு வாரியாக இருக்கும். அதுவும் பதிவு செய்த காலாண்டுதான், பிறந்த காலாண்டு அல்ல. குழந்தை பிறந்தால் பதிய 42 நாள் அவகாசம் உண்டு. ஜூன் நடுவில் பிறந்த குழந்தை செப்டம்பர் காலாண்டில் இருப்பது சாதாரணம்.

ஸ்மித் என்பதால் பயப்பட வேண்டாம். பழைய அட்டவணையில் தாயின் கன்னிப் பெயர் 1911 செப்டம்பர் காலாண்டு முதல்தான் உண்டு. ஆனால் தலைமைப் பதிவு அலுவலகம், அதாவது ஜிஆர்ஓ, இணையத்தில் வைத்திருக்கும் புதிய அட்டவணையில் 1837இலிருந்தே அது சேர்க்கப்பட்டிருக்கிறது. பாட்டியின் அம்மாவுடைய கன்னிப் பெயர் மாமியார் நினைவிலோ அந்தப் பெட்டியிலோ சிக்கினால், நூறு ஸ்மித்துகளில் நம் ஸ்மித்தை அது பிரித்துக் கொடுத்துவிடும். தன்னார்வலர்கள் நடத்தும் ஃப்ரீபிஎம்டி தளத்தில் பழைய அட்டவணையை இலவசமாகப் பார்க்கலாம். இரண்டிலும் ஒத்துப் பார்த்த பிறகு சான்றிதழுக்குப் பணம் கட்டுங்கள்.

எடின்பரோவில் படிக்கிறேன். நான் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அவருக்காகத் தேடிக் கொடுக்கிறேன். அவருடைய முன்னோரான ஒரு பெண்மணிக்கு 1851 கணக்கெடுப்பில் வயது 24, 1861இல் 31, 1871இல் 39. பிறந்த ஊரும் ஒவ்வொரு தடவை ஒவ்வொன்றாக இருக்கிறது. மூவரும் ஒருவர்தானா?
– எடின்பரோ மாணவர்

ஒருவராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இதற்குப் பதில் சொல்லும் முன், அந்தத் தாள் எப்படி உருவானது என்று சொல்லிவிடுகிறேன்.

கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வீடு ஒரு படிவம் கொடுத்துவிட்டுப் போவார். குறித்த ஞாயிறு இரவு அந்தக் கூரையின் கீழ் யார் தூங்கினார்களோ அவர்களையெல்லாம் எழுத வேண்டும். மறுநாள் வந்து வாங்குவார். எழுதத் தெரியாத வீட்டில் வாசலில் நின்று கேட்டு அவரே நிரப்புவார். பிறகு எல்லாவற்றையும் ஒரு புத்தகத்தில் படியெடுப்பார். நாம் 1901 வரைக்கும் பார்ப்பது அந்தப் படியைத்தான். கணவர் குத்துமதிப்பாகச் சொல்லியிருப்பார், பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருப்பாள், எழுதியவருக்கு அவர்கள் உச்சரிப்பு புரியாமல் இருந்திருக்கும். தன் வயது சரியாகத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் அந்தக் காலத்து ஏழைப் பெண்ணுக்கு எங்கே இருந்தது? பிறந்த ஊரும் அப்படித்தான். ஒரு தடவை சின்ன கிராமத்தின் பெயர், அடுத்த தடவை பக்கத்து டவுன். நாம்கூட வெளியூரில் கேட்டால் மாவட்டத் தலைநகரைத்தானே சொல்கிறோம்!

வயதை விட்டுவிட்டு வீட்டைப் பாருங்கள். கணவர் பெயர், அவர் தொழில், பிள்ளைகளின் வரிசை. 1851இல் இருக்கும் மூத்த இரண்டு பிள்ளைகள் 1861இல் பத்து வயது கூடி இருக்கிறார்களா? அப்படியானால் சந்தேகமே வேண்டாம்.

1841க்குப் போகும்போது மட்டும் கவனம். அதில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 25 என்று இருந்தால் 25 முதல் 29 வரை எதுவாகவும் இருக்கலாம். சில இடங்களில் சரியான வயதையே எழுதியும் இருக்கிறார்கள். உறவுமுறையும் அதில் கிடையாது. ஒரே வீட்டில் இருக்கும் ஆணும் பெண்ணும் கணவன் மனைவியா, அண்ணன் தங்கையா என்று அந்தத் தாள் சொல்லாது.

எல்லாக் கணக்கெடுப்பிலும் என் மனதைப் பிசைவது இங்கிலாந்து, வேல்ஸின் 1911தான். முதல் தடவையாகக் குடும்பத் தலைவர் கைப்பட எழுதிய படிவமே பாதுகாக்கப்பட்டிருக்கிறது. திருமணமான பெண்ணுக்கு நேரே மூன்று கட்டங்கள்: உயிரோடு பிறந்த பிள்ளைகள், இப்போது இருப்பவர்கள், இறந்தவர்கள். ஒன்பது, ஐந்து, நான்கு என்று நடுங்கும் கையெழுத்தில் இருக்கும். சிலர் இறந்த பிள்ளைகளின் பெயரையும் வயதையும்கூட வரிசையில் எழுதிவிட்டார்கள். அலுவலகத்தில் அதை அடித்துவிடுவார்கள். கணக்கெடுப்புக்கு உயிரோடு இருப்பவர்கள் போதும், அப்பாவுக்கு அப்படி இல்லையே! அடித்த கோட்டுக்குக் கீழே அந்தப் பெயரை இன்றும் படிக்கலாம். வேறு எந்தப் படிவத்திலும் பெயர் வராத குழந்தைகளை அங்கேதான் பார்க்க முடியும்.

அடுத்து வரும் காலம் கொஞ்சம் பள்ளம். இங்கிலாந்து, வேல்ஸின் 1921 கணக்கெடுப்பு 2022 ஜனவரியில் திறந்துவிடப்பட்டது. 1931இல் எடுத்த இங்கிலாந்து, வேல்ஸ் படிவங்கள் 1942 டிசம்பரில் ஹேய்ஸ் என்ற இடத்தில் நடந்த தீ விபத்தில் அழிந்தன. 1941இல் போர் நடந்ததால் கணக்கெடுப்பே இல்லை. 1939 செப்டம்பர் 29இல் எடுத்த தேசியப் பதிவேடு இந்த இடைவெளியை ஓரளவு அடைக்கும். அதில் வயதுக்குப் பதில் பிறந்த தேதியே இருக்கும். பின்னாளில் மணமான பெண்களின் புதுக் குடும்பப் பெயரும் மேலே எழுதப்பட்டிருக்கும்.

வீட்டுக்கார அம்மாவின் குடும்பம் ஸ்காட்லாந்து என்றால் உங்களுக்கு யோகம். அங்கே பதிவு 1855இல்தான் தொடங்கியது, ஆனால் விவரம் கொடுப்பதில் தாராளம். இறப்புப் பதிவில்கூட இறந்தவரின் அப்பா, அம்மா இருவர் பெயரும் இருக்கும், அம்மாவின் கன்னிப் பெயரோடு. மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர் வைக்கும் பழக்கம் அங்கே பரவலாக இருந்தது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். பிள்ளைகளின் பெயர் வரிசையைப் பார்த்தே தாத்தா பாட்டி யார் என்று ஊகித்து, பிறகு பதிவில் சரிபாருங்கள்.

சார்லி சாப்ளினுக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது என்று படித்தேன். எல்லாவற்றையும் எழுதி வைத்த பிரிட்டனில் இது எப்படி?
– மதுரை வாசகர்

நல்ல கேள்வி. குடும்ப வரலாறு தேட வருகிறவர்களுக்கு நான் முதல் பாடமாகக் காட்டுவது சாப்ளினைத்தான்.

அவர் பிறந்தது 1889 ஏப்ரல் 16, தெற்கு லண்டன் என்பது எல்லோரும் ஏற்றுக்கொண்ட விஷயம். 1950களில் அமெரிக்கா கேட்டுக்கொண்டதால் பிரிட்டிஷ் உளவுத் துறையான எம்ஐ5 அவருடைய பிறப்புப் பதிவைத் தேடியது. கிடைக்கவில்லை. அந்தக் கோப்பை 2012இல் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் வெளியிட்டது. அப்போதுதான் பத்திரிகைகள் இதைப் பெரிதாக எழுதின.

1837இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் பதிவாளர்தான் பிறப்புகளைத் தேடிப் பதிய வேண்டும் என்று இருந்தது. 1875 முதல் அது பெற்றோரின் கடமையானது, தவறினால் அபராதமும் உண்டு. சாப்ளின் பிறந்தது அதற்கும் பிறகு. ஆனாலும் மேடைப் பாடகர்கள், வாடகை வீடு மாறிக்கொண்டே இருந்தவர்கள், வீட்டில் ஆயிரம் பிரச்சினை. விட்டுப்போயிருக்கலாம்.

பிறப்புப் பதிவு இல்லையென்றால் ஆளே இல்லை என்று ஆகிவிடுமா? மற்ற காகிதங்களைப் பாருங்கள். 1885 ஜூனில் வால்வர்த்தில் செயின்ட் ஜான் தேவாலயத்தில் அவருடைய பெற்றோருக்குத் திருமணம் நடந்தது. அண்ணன் சிட்னி அதற்கு மூன்று மாதம் முன்பே, அந்த மார்ச்சில், பிறந்துவிட்டார், தாயின் பெயரான ஹில் என்பதோடு. 1889 மே மாதம் ஒரு இசையரங்கு இதழில், திருமதி சாப்ளினுக்கு ஆண் குழந்தை பிறந்தது என்று அறிவிப்பு வந்தது. அதில் தேதி ஏப்ரல் 15. ஒரு நாள் வித்தியாசம்! 1901 கணக்கெடுப்பில் லாம்பெத் ஃபெர்ன்டேல் சாலை வீடொன்றில், இசையரங்குக் கலைஞர் என்ற தொழிலோடு சிறுவன் சாப்ளின் இருக்கிறான்.

இவற்றைவிடக் கனமான பதிவுகள், ஏழைகளை வரிப் பணத்தில் பராமரித்த ஏழைச் சட்ட அலுவலகங்களுடையவை. 1896 ஜூனில் அண்ணன் தம்பி இருவரும் ஹான்வெல்லில் இருந்த ஏழைப் பிள்ளைகள் பள்ளியில் சேர்க்கப்பட்டார்கள். சார்லி அங்கிருந்து வெளியே வந்தது 1898 ஜனவரியில். பிள்ளைகளின் செலவுக்காக அப்பா வாரம் 15 ஷில்லிங் கட்ட வேண்டும் என்று உத்தரவானது. அவர் கட்டாததால் பிடியாணைவரை போனது. யார் பணத்தில் யார் சாப்பிடுகிறார்கள் என்று வரி கட்டுகிறவர்களுக்குக் கணக்கு காட்ட வேண்டும் அல்லவா? அதனால்தான் இவ்வளவு நுணுக்கமாக எழுதினார்கள். வசதியான குடும்பத்துப் பையனைப் பற்றி இதில் பாதிகூடக் கிடைக்காது.

1898 ஆகஸ்டில் ஒரு நாள் பதிவு இருக்கிறது. தாய் ஹன்னா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, வொர்க்ஹவுஸ் எனப்படும் ஏழைகள் விடுதியைவிட்டு வெளியேறுகிறார். அதே நாள் மாலை மூவரும் மறுபடி சேர்த்துக்கொள்ளப்படுகிறார்கள். எழுதிய குமாஸ்தாவுக்கு அது இரட்டை வேலை. துணியை மாற்றிக் கொடுக்க வேண்டும், மறுபடி வாங்கி வைக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு அந்தத் தாய் செய்தது என்ன தெரியுமா? பிரிந்திருந்த பிள்ளைகளோடு ஒரு பகல் முழுவதும் கென்னிங்டன் பூங்காவில் இருந்தார். சாப்ளினே பின்னாளில் இதை எழுதியிருக்கிறார். அந்த மகன் உலகம் அறிந்த ஆளாக ஆகாமல் போயிருந்தால், பதிவேட்டில் உள்ள "வெளியே", "உள்ளே" என்ற இரண்டு தகவல்தான் நமக்கு மிஞ்சியிருக்கும். உங்கள் குடும்பத்தைத் தேடும்போது இப்படி ஒரே நாளில் வெளியேறித் திரும்பியவர்களைப் பார்த்தால், நின்று யோசித்துப் பாருங்கள்.

லண்டனில் இருந்த இந்த ஏழைகள் விடுதிகளின் பதிவேடுகள் பெரும்பாலும் கிளார்க்கன்வெல்லில் உள்ள லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வெளியூர் என்றால் அந்தந்தக் கவுண்டியின் ஆவணக் காப்பகத்தில் கேட்க வேண்டும். இன்னொரு விஷயம்: 1904 முதல் விடுதியில் பிறந்த குழந்தையின் சான்றிதழில் விடுதிப் பெயரைப் போடாமல், சாதாரணத் தெரு முகவரி மாதிரி எழுதச் சொன்னார்கள், பிள்ளைக்குப் பின்னாளில் அவமானம் வரக் கூடாது என்று. சான்றிதழில் ஒரு தெரு முகவரி இருந்து, அங்கே குடும்பம் இருந்ததற்கு வேறு தடயமே இல்லையென்றால் அதுவும் மனதில் இருக்கட்டும்.

என் மருமகனின் எள்ளுத்தாத்தா 1880களில் மனைவியை இழந்தார். அடுத்த கணக்கெடுப்பில் "மைத்துனி, வீட்டைக் கவனிப்பவர்" என்று ஒரு பெண் இருக்கிறார். பத்து வருடம் கழித்து அவரே "மனைவி". ஊரில் எந்தத் தேவாலயத்திலும் திருமணப் பதிவு இல்லை. சேர்ந்து வாழ்ந்தார்களோ?
– லெஸ்டர் வாசகி

திருமணம் நடந்திருக்கலாம், வெளியூரில். இறந்த மனைவியின் சகோதரியை மணப்பது அன்றைய இங்கிலாந்தில் செல்லாது. 1835இல் வந்த சட்டம் அது. மனைவியின் தங்கை தன் தங்கை மாதிரி என்பது தேவாலயத்தின் நிலைப்பாடு. நம் ஊரில் தாயில்லாத பிள்ளைகளை நினைத்துப் பெரியவர்களே பேசி முடிக்கிற கல்யாணம், அங்கே குற்றம் மாதிரிப் பார்க்கப்பட்டது. நாடாளுமன்றத்தில் பல பத்தாண்டுகள் இழுபறியாகி 1907இல்தான் தடை நீங்கியது. இறந்த அண்ணன் தம்பியின் மனைவியை மணக்க 1921வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வசதி இருந்தவர்கள் வெளிநாடு போய்த் திருமணம் செய்தார்கள். ஓவியர் ஹோல்மன் ஹன்ட் 1875இல் சுவிட்சர்லாந்துக்குப் போய்த்தான் முதல் மனைவியின் தங்கையை மணந்தார். மற்றவர்கள் தங்களை யாருக்கும் தெரியாத ஒரு பெரிய நகரத்துக்குப் போவார்கள். ஆகவே லண்டன், மான்செஸ்டர், லிவர்பூல் என்று தேடுங்கள். இருவர் பெயரும் ஒரே காலாண்டு, ஒரே தொகுதி, ஒரே பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள். உயில் இருந்தால் அதையும் வரவழையுங்கள். 1858 முதல் உயில்களுக்கு நாடு முழுவதற்கும் ஒரே அட்டவணை உண்டு. பிள்ளைகளுக்குச் சட்டப்படி சிக்கல் வரும் என்று தெரிந்த அப்பா, உயிலில் யார் யாரை எப்படிக் குறிப்பிட்டிருக்கிறார் என்பதைக் கவனித்துப் படியுங்கள். அந்தப் பெண்மணியைப் பற்றித் தப்பாக நினைக்காதீர்கள். அக்கா பிள்ளைகளை வளர்த்தவர் அவர்.

நாங்கள் ஆங்கிலோ-இந்தியர்கள். தாத்தாவின் அப்பா இங்கிலாந்திலிருந்து மெட்ராஸ் ரயில்வேயில் டிரைவராக வந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். பெயரும் பெரம்பூரும் தவிர வேறு தகவல் இல்லை. லண்டன் போகாமல் தேட முடியுமா?
– பெரம்பூர் வாசகர்

முடியும். முதலில் சென்னைத் தேவாலயங்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளைப் பாருங்கள். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் ஓடியது 1856 ஜூலை 1. ஆகவே உங்கள் தேடல் அதற்குப் பிந்திய காலத்தில் தொடங்கலாம்.

மெட்ராஸ் மாகாணத்தில் நடந்த இந்தச் சடங்குகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களில் என்/2 என்ற வரிசையில் இருக்கின்றன. என்/1 வங்காளம், என்/3 பம்பாய். ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் பக்கங்களின் படமே கிடைக்கும், கட்டணம் உண்டு. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான சங்கமான ஃபிபிஸ் தளத்தில் ஏராளமான பெயர்களை இலவசமாகத் தேடலாம். ரயில்வே ஊழியர்கள் பற்றிய பட்டியல்களும் இந்தியா அலுவலக ஆவணங்களில் உண்டு. அங்கே போகாதவர்கள் மின்னஞ்சலில் கேட்டுப் பார்க்கலாம். எல்லாச் சடங்குக்கும் நகல் போய்ச் சேரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கத்தோலிக்கக் குடும்பம் என்றால் உள்ளூர்ப் பங்குப் பதிவேடுதான் முக்கியம்.

தேட வேண்டியது அவருடைய திருமணப் பதிவு. அதில் அப்பா பெயர் இருந்தால் இங்கிலாந்துக் கணக்கெடுப்புக்குப் பாலம் கிடைத்துவிடும். ஆனால் ஒன்றுக்குத் தயாராக இருங்கள். "இங்கிலாந்திலிருந்து வந்தவர்" என்று சொல்லப்படுபவர் திருச்சியிலோ ஜோலார்பேட்டையிலோ பிறந்தவராக இருப்பார். வந்தவர் அவருக்கு இரண்டு தலைமுறை முந்திய ஒரு சிப்பாயாக இருப்பார். கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் படையில் இருந்த ஐரோப்பியர்களின் பட்டியலும் அதே நூலகத்தில் எல்/மில்/11 வரிசையில் உண்டு.

அந்தச் சிப்பாயின் மனைவி இந்த மண்ணின் பெண்ணாக இருந்தால், பதிவேட்டில் அவருடைய சொந்தப் பெயர் பெரும்பாலும் இருக்காது. ஞானஸ்நானத்தில் கொடுத்த மேரியோ எலிசபெத்தோ மட்டும் இருக்கும், சில இடத்தில் அதுவும் இல்லாமல் "சுதேசிப் பெண்" என்று இருக்கும். மரத்தில் அந்தக் கிளையை வெட்டிவிடாதீர்கள். பெயர் தெரியாத அந்தப் பாட்டிக்கும் ஒரு கட்டம் போட்டு, தேவாலயமும் வருடமும் எழுதி வையுங்கள்.

நுவரெலியாவிலிருந்து தோட்டத் துரை குடும்பம் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இலங்கை 1802இல் நேரடி முடியாட்சிக் காலனி ஆனது, இந்தியா அலுவலகத்தின் கீழ் வராது. அரசுக் கடிதங்கள் கியூவில் குடியேற்ற அலுவலக ஆவணங்களில், சிஓ 54 வரிசையில் இருக்கின்றன. பிரிட்டனுக்குத் திரும்பியவர்களைக் கப்பல் பயணிகள் பட்டியலில் தேடலாம், 1878 முதல் 1960 வரை. கொழும்பில் ஏறியவர்கள் அதில் வருவார்கள்.

கணவரின் தாத்தா முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் இருந்தவர். அவருடைய ராணுவக் கோப்பு எங்கே தேடியும் இல்லை.
– டொரன்டோ வாசகி

எரிந்துபோயிருக்கும். 1940 செப்டம்பரில் ஜெர்மானியக் குண்டுவீச்சில் லண்டன் ஆர்ன்சைட் தெருக் கிடங்கு எரிந்து, சிப்பாய்களின் கோப்புகளில் பாதிக்கும் மேல் போய்விட்டன. தப்பியவை ஓரம் கருகி, நனைந்து, டபிள்யூஓ 363 என்ற வரிசையில் இருக்கின்றன. பதக்க அட்டையைத் தேடுங்கள், வெளிநாட்டில் போரிட்ட பெரும்பாலோருக்கு ஒன்று உண்டு. ஓய்வூதிய அட்டைகளையும் பாருங்கள். அழிக்கப்பட இருந்த லட்சக்கணக்கான அட்டைகளை வெஸ்டர்ன் ஃப்ரன்ட் அசோசியேஷன் என்ற சங்கம் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஊர்ப் பத்திரிகையில் காயமடைந்தோர் பட்டியலும் வந்திருக்கும்.

இணையத்தில் ஒருவர் போட்ட மரத்தில் என் மருமகள் குடும்பம் 1066இல் வந்த வில்லியம் மன்னர்வரை போகிறது. நம்பலாமா?
– கோவை வாசகர்

ஒவ்வொரு இணைப்புக்கும் ஆவணம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேண்டாம். ஊர்த் தேவாலயங்கள் பதிவேடு வைக்கத் தொடங்கியதே 1538இல், தாமஸ் கிராம்வெல் உத்தரவால். அதற்கு முன்னால் நிலம், பட்டம், வழக்கு உள்ளவர்கள்தான் காகிதத்தில் வருவார்கள். ஒரு தொழிலாளி குடும்பத்தை 1700களுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தாலே அது பெரிய காரியம்.

அந்த மரத்தில் ஒரு சோதனை செய்து பாருங்கள். 1752க்கு முன் இங்கிலாந்தில் வருடம் பிறந்தது மார்ச் 25இல். பழைய பதிவேட்டில் 1730 ஜூனில் திருமணம், 1730 பிப்ரவரியில் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று இருந்தால் அது சரியான வரிசைதான். பிப்ரவரி அந்த வருடத்தின் கடைசிப் பகுதி. நம் கணக்கில் அது 1731. இது தெரியாமல் மரம் போட்டவர்கள் இங்கேதான் குழம்பியிருப்பார்கள்.

டூட்டிங்கில் 1902இல் கட்டிய வீடு வாங்கியிருக்கிறோம். நமக்கு முன்னால் யார் இருந்தார்கள் என்று அறிய ஆசை.
– டூட்டிங் வாசகி

ஆளை விட்டு முகவரியைத் தேடுங்கள். 1911, 1921 கணக்கெடுப்புகளையும் 1939 பதிவேட்டையும் முகவரி போட்டே தேட முடியும். இடைப்பட்ட வருடங்களுக்கு வாக்காளர் பட்டியல், கெல்லி நிறுவனத்தின் தெரு விவரப் புத்தகங்கள். உங்கள் பரோவின் வட்டார வரலாற்று நூலகத்தில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். வீட்டு எண்கள் மாறியிருக்கும், தெருப் பெயரே மாறியிருந்தாலும் ஆச்சரியம் இல்லை. ஆகவே முக்கில் இருக்கும் தேவாலயம், மதுக்கடை இவற்றை அடையாளமாக வைத்து எண்ணிப் பாருங்கள்.

கியூவுக்கு ஒரு நாள் போக முடிந்தால் 1910இல் தொடங்கிய நில மதிப்பீட்டு ஆவணங்களைக் கேளுங்கள். முதலில் வரைபடத்தைப் பார்த்து உங்கள் வீட்டுக்குப் போட்ட எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த எண்ணை வைத்து ஐஆர் 58 வரிசையில் உள்ள களப் புத்தகத்தை வரவழைக்க வேண்டும். சொந்தக்காரர் யார், குடியிருந்தவர் யார், வாடகை எவ்வளவு என்று இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் அறைகள் எத்தனை, கொல்லையில் என்ன இருந்தது என்பதுகூட இருக்கும். வாசகர் அட்டை எடுக்க அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொண்டுபோங்கள். பேனாவை உள்ளே விட மாட்டார்கள், பென்சில் வைத்துக்கொள்ளுங்கள்.